புதுமை சுட்டும் ஆங்கில வினையடைகள் – ஒரு தமிழ் நோக்கு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்விக் கட்டணச் சலுகை வேண்டித் தாம் எழுதிய ஆங்கில விண்ணப்பத்தைத் திருத்தித் தருமாறு மாணவர் ஒருவர் எம்மிடம் வந்தார். அதன் முதல் தொடர், ‘மை ஃபாதர் நியூலி எக்ஸ்பயர்ட்’ என்றிருந்தது. தந்தையார் அண்மையில் காலமானார் என்பதே அவர் சொல்ல விரும்பிய செய்தி. அவர் பார்த்த அகராதியில் ‘நியூலி’ என்னும் சொல்லுக்குப் ‘புதிதாக, அண்மையில்’ என இரு பொருள்கள் தரப்பட்டிருந்தன. அதை நம்பி அவர் எழுதிவிட்டார். ஆனால் ஆங்கிலம் பழகிய காதுக்கு அத்தொடர், ‘என் தந்தையார் புதிதாக இறந்தார்’ என்பது போல ஒலிக்கும். துயரத்தைத் தெரிவிக்க வேண்டிய இடத்தில், படிப்பவர் முகத்தில் ஒரு முறுவலை அச்சொல் வரவழைத்துவிடும். தந்தையை இழந்த பிள்ளைக்கு அது நேரக் கூடாத அவமதிப்பு.

‘தம்பி, இதை வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லுங்கள்’ என்றோம். ‘எங்க அத்தா கொஞ்ச நாளைக்கு முன்னாடி மவுத்தாயிட்டாங்க, ஐயா’ என்றார். ‘புதிதாக மவுத்தாயிட்டாங்க என்று சொல்வீர்களா?’ என்று கேட்டோம். ‘அப்படி யாரும் சொல்ல மாட்டாங்களே, ஐயா’ என்று உடனே விடையளித்தார்.

அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்து. ஆங்கிலத்தில் அவர் தவறவிட்ட வேறுபாட்டைத் தமிழில் அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ‘அண்மையில்’ வேறு, ‘புதிதாக’ வேறு என்பதை இலக்கண வகுப்பு கற்பிக்கும் முன்னரே அவர்தம் தாய்மொழி அவருக்குக் கற்பித்திருந்தது. ஆங்கிலத்தில் புதுமையையும் அண்மையையும் சுட்டும் வினையடைகள் பல. அவற்றுள் ரீசென்ட்லி, லேட்லி, நியூலி, ஃப்ரெஷ்லி, ஜஸ்ட் ஆகிய ஐந்தும் நம் மாணவர்கள் நாள்தோறும் எழுத நேர்பவை. இவ்வைந்தையும் தமிழின் வாயிலாகவே அறிந்துகொள்ள இயலும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழில் புதுமையும் அண்மையும்

புதுமையைக் குறிக்கும் சொல்வளம் தமிழுக்கு மிகப் பழையது. தொல்காப்பிய உரியியல், ‘யாணர்’ என்னும் சொல்லுக்குப் புதிதுபடுதலைப் பொருளாக உரைக்கிறது. இடையறாது புதிதுபுதிதாக வந்து பெருகும் வளத்தை அச்சொல்லால் சங்கச் சான்றோர் சுட்டினர். ‘கடி’ என்னும் ஓர் உரிச்சொல்லுக்கு நன்னூலார் கூறும் 13 பொருள்களுள் புதுமையும் ஒன்று.

இன்றைய தமிழில் ‘புது’ என்னும் அடியிலிருந்து புதிய, புதிதாக, புத்தம்புதிய என்பன பிறக்கின்றன. ‘அண்மையில்’ என்னும் சொல்லோ முற்றிலும் வேறான அடியிலிருந்து வருகிறது. அண்மை என்பது அருகில் இருத்தல். அஃது இடத்தைக் குறித்த சொல். பேச்சில் வழங்கும் ‘சமீபத்தில்’ என்பதும் அருகாமை என்னும் பொருளுடைய வடசொல்லே. இடத்தில் அருகில் இருப்பதைச் சுட்டும் சொல்லையே காலத்தில் அருகில் நிகழ்ந்ததற்கும் தமிழர் ஆண்டனர். எனவே தமிழில் அண்மை என்பது தொலைவை அளப்பது. புதுமை என்பது பொருளின் நிலையை உரைப்பது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் ஆங்கிலச் சொற்களின் பாதி மயக்கம் தீர்ந்துவிடும்.

ரீசென்ட்லி: நிகழ்ந்த காலம்

‘ரீசென்ட்லி’ என்பது ஒரு நிகழ்ச்சி எப்போது நடந்தது என்னும் வினாவுக்கு விடையாக வருவது. நெடுநாளைக்கு முன்பன்று, சில நாள், சில வாரம் அல்லது சில மாதம் முன்பு என்பது அதன் கருத்து. தமிழின் ‘அண்மையில்’ என்பதற்கு நேரான சொல் இதுவே. ஒருமுறை நடந்து முடிந்த செயலோடு இது நன்கு பொருந்தும். ‘அவர்கள் அண்மையில் மணம் புரிந்துகொண்டனர்’, ‘எம் ஊரில் அண்மையில் ஒரு பாலம் கட்டினர்’ முதலிய தொடர்களில் ‘ரீசென்ட்லி’ என்று எழுதலாம்.

இச்சொல்லுக்கு மற்றொரு வசதியும் உண்டு. தொடரின் தொடக்கத்திலும் இடையிலும் இறுதியிலும் இது நிற்கும். ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலத்தோடும் வரும். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ என்னும் துணைவினைகளைக் கொண்டு அமையும் ‘ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்’ என்னும் நிகழ்கால நிறைவோடும் வரும். ஐயம் எழும்போது கைகொடுக்கும் பொதுச்சொல் இது எனலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நிகழ்கால நிறைவு வடிவம் நாள் குறித்த தொடரை ஏற்பதில்லை. சந்திரயான்-3 விண்கலம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது. அந்நாளில் ஆங்கில நாளேடு ஒன்று ‘ஹேஸ் லேண்டட்’ என்று எழுதியிருந்தால் அது முறையே. ஆனால் ‘ஆகஸ்டு 23’ என்பதையும் அதே தொடரில் சேர்க்க விரும்பினால் ‘லேண்டட்’ என்று எளிய இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும். நாளைச் சொன்னவுடன் அந்நிகழ்ச்சி வரலாற்றில் தன் இடத்தில் சென்று அமர்ந்துவிடுகிறது. நிகழ்காலத்தோடு அதைப் பிணைக்கும் ‘ஹேஸ்’ அங்கு ஒட்டாது. ‘ஐ ஹேவ் ஜாயின்ட் லாஸ்ட் வீக்’ என்று நம் மாணவர் எழுதும் பிழை இவ்விதியை மறப்பதால் வருவதே.

லேட்லி: இன்றுவரை நீளும் காலம்

‘லேட்லி’ என்பதற்கும் அகராதிகள் ‘அண்மையில்’ என்றே பொருள் தருகின்றன. அங்குதான் இடர் தொடங்குகிறது. இது நிகழ்ச்சி நடந்த நாளைச் சுட்டுவதன்று. சில காலமாகத் தொடர்ந்து வந்து, பேசும் இந்நேரம்வரை நீளும் நிலையைச் சுட்டுவது. இதற்கு நேரான தமிழ் ‘கொஞ்ச நாளாக’, ‘சில நாள்களாக’ என்பனவே. ‘கொஞ்ச நாளைக்கு முன்பு’ என்பதற்கும் ‘கொஞ்ச நாளாக’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். முன்னது ஒரு புள்ளி. பின்னது ஒரு கோடு. அப்புள்ளிக்கு உரியது ‘ரீசென்ட்லி’. கோட்டுக்கு உரியது ‘லேட்லி’.

எனவே ஒருமுறை நிகழும் திருமணத்துக்கு ‘லேட்லி’ பொருந்தாது. ‘கொஞ்ச நாளாக அவருக்கு உடல்நலமில்லை’, ‘சில நாள்களாக அவரைப் பள்ளிவாசலில் காணோமே’ போன்ற தொடர்களுக்கு அது மிகப் பொருந்தும். வினாவிலும் எதிர்மறையிலும் அது இயல்பாக வரும். பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்கும். ‘ஆஃப் லேட்’ என்னும் தொடரும் இதே பொருளைச் சற்று முறைசார்ந்த நடையில் தருவது.

இங்கு இரு மொழிகளும் பிரியும் இடம் ஒன்று உண்டு. ‘கொஞ்ச நாளாக அவர் வகுப்புக்கு வருவதில்லை’ என்று தமிழில் கூறுகிறோம். முற்று நிகழ்காலத்துக்குரிய நிலையில் நிற்கிறது. நீட்சியை ‘ஆக’ என்னும் உருபு ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் வினையடை மட்டும் அப்பொறுப்பை ஏற்பதில்லை. வினையும் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. ‘ஹி ஹேஸ் நாட் பீன் கமிங் லேட்லி’ என்பது முறையான தொடர். தமிழின் காலத்தை அப்படியே பெயர்த்து, ‘லேட்லி ஹி இஸ் நாட் கமிங்’ என்று எழுதுவது நம்மவர் வழக்கம். தமிழில் ‘நாளாக’ என்று வந்தால் ஆங்கிலத்தில் ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேவ்’ வர வேண்டும் என்பதை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

நியூலி: புகுந்த புதுநிலை

மேலே கண்ட மாணவரை மயக்கிய சொல் இது. ‘நியூலி’ என்பது பெரும்பாலும் தனித்து நில்லாது. நமது பெயரெச்சத்துக்கு ஒப்பாக ஆங்கிலத்தில் வரும் ‘பில்ட்’, ‘அப்பாயின்டட்’, ‘எலெக்டட்’, ‘மேரீட்’ போன்ற எச்சச் சொல்லுக்கு முன்னே ஒட்டி நிற்கும். புதிதாகக் கட்டிய வீடு, புதிதாக அமர்த்தப்பட்ட ஆசிரியர், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், புதுமணத் தம்பதியர் ஆகியோரையும் ஆகியவற்றையும் சுட்ட இதுவே தக்க சொல். இவை அனைத்திலும் ஒருவரோ ஒரு பொருளோ முன்பில்லாத ஒரு நிலைக்குள் நுழைந்திருப்பதைக் காணலாம். அந்நுழைவையே ‘நியூலி’ சுட்டுகிறது.

துணைவரை இழந்த பெண்ணை ‘நியூலி விடோட்’ என்று ஆங்கிலத்தில் கூறுவர். இழப்பைக் குறித்த இடத்தில் இச்சொல் எவ்வாறு வந்தது என்னும் ஐயம் எழலாம். அங்கே பேசப்படுவது இறப்பு நிகழ்ந்த நாளன்று. உயிரோடிருப்பவர் புகுந்துள்ள புதிய நிலை. அந்த மாணவரின் தாயாரைக் குறித்து அவ்வாறு எழுதலாம். தந்தையார் இறந்த நிகழ்ச்சியைக் கூறும் வினைமுற்றோடு அதைச் சேர்க்க இயலாது.

இனி, இச்சொல் தொடங்கும் தொடர்களைக் காண்போம். ‘புதிதாக எங்கள் கல்லூரி ஒரு நூலகம் திறந்துள்ளது’ என்று தமிழில் எழுதுவதில் குற்றமில்லை. ‘புதிதாக’ என்பது தொடரில் எங்கும் சென்று அமரும். ஆங்கிலத்தில் ‘நியூலி’ என்று தொடங்கி அதை எழுதினால் பிழையாகும். ‘ரீசென்ட்லி’ என்று மாற்றலாம். அல்லது ‘நியூலி ஓப்பன்ட் லைப்ரரி’ என்று நூலகத்துக்கு அடையாக்கலாம். ‘நான் இக்கல்லூரியில் புதிதாகச் சேர்ந்துள்ளேன்’ என்பதற்கும் ‘ஐ நியூலி ஜாயின்ட்’ என்பது பொருந்தாது. ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஜாயின்ட்’ எனலாம். ‘ஐ ஆம் நியூ ஹியர்’ என்று மிக எளிமையாகவும் சொல்லலாம். ‘நியூலி’ என்பதற்கும் அதையடுத்து வரும் எச்சத்துக்கும் இடையே சிறுகோடு இடுவதில்லை என்பதும் எழுத்துமுறையில் நினைக்கத்தக்கது.

இச்சொல்லைப் பற்றி ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘புதிய’ என்னும் பெயரடை பொருளையே புதிதென்கிறது. ‘நியூலி’ பொருளைப் புதிதென்பதில்லை. அப்பொருளின்மேல் நிகழ்ந்த செயலைத்தான் புதிதென்கிறது. வில்லியம் ஹெர்ஷல் 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். அன்று அது ‘புதிதாகக் கண்டறியப்பட்ட கோள்’. கோளோ கோடானுகோடி ஆண்டுகளாக ஞாயிற்றைச் சுற்றி வருவது; புதிதானது மனிதனின் அறிவு மட்டுமே. நம் நாட்டிலும் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அச்சில் அவை புதியவை. ஆக்கத்தால் மிகப் பழையவை. பழைய நூலைப் ‘புதிய நூல்’ என்றால் பொய்யாகும். ‘புதிதாக அச்சிடப்பட்ட நூல்’ என்றால் உண்மையாகும். பெயரடைக்கும் வினையடைக்கும் உள்ள வேறுபாடு தேர்வுக்காக மனனம் செய்யும் செய்தியன்று. உண்மைக்கும் பொய்க்கும் இடையே நிற்கும் வரம்பு என்பதை இச்சான்றுகள் காட்டும்.

ஃப்ரெஷ்லி: வாடாத புதுமை

பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரெஷ்’ என்னும் சொல்லின் முன்வடிவம் உப்பில்லாத நீரைக் குறித்தது. ‘ஃப்ரெஷ் வாட்டர்’ என்று நன்னீரை இன்றும் அழைப்பது அதன் எச்சமே. கெடாமை, வாடாமை, மங்காமை என்பன அச்சொல்லின் உயிர். எனவே ‘ஃப்ரெஷ்லி’ என்பது காலத்தால் மெல்லத் தன் சிறப்பை இழக்கக்கூடிய பொருள்களோடு வரும். அன்று பறித்த கீரை, அப்போது அரைத்த மசாலா, சற்றுமுன் வறுத்து அரைத்த காப்பித்தூள், இப்போதுதான் தேய்த்த சட்டை, வண்ணம் காயாத சுவர் ஆகியவற்றுக்கு இது உரியது.

‘நியூலி பெயின்டட்’ என்றாலும் ‘ஃப்ரெஷ்லி பெயின்டட்’ என்றாலும் சுவர் ஒன்றே. முன்னது அண்மையில் வண்ணம் பூசப்பட்டதைத் தெரிவிக்கும். பின்னது அவ்வண்ணத்தின் ஈரத்தையும் மணத்தையும் உடன் கொண்டுவரும். தமிழில் இதற்குத் தனி வினையடை இல்லை. ‘அன்று’, ‘அப்போது’ என்னும் காலப்பெயர்களை எச்சத்தின் முன்னே வைத்து அதே நயத்தை நாம் பெறுகிறோம். ‘அன்று பறித்த’ என்னும் போதே வாடாமை விளங்கிவிடுகிறது. ஆதலின் ஆங்கிலச் சொல்லைப் ‘புத்துணர்ச்சியாக’ என்று பெயர்ப்பது பெரும்பாலும் இடம் தவறியதாகும். கல்லூரியிலிருந்து வெளிவந்த இளைஞரைக் குறிக்க இவ்வினையடை பயன்படாது. அங்கே ‘ஃப்ரெஷ் ஃப்ரம் காலேஜ்’ என்பதே மரபு.

ஜஸ்ட்: இமைப்பொழுதின் அண்மை

‘ஜஸ்ட்’ என்பது நீதி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஜஸ்டிஸ்’ என்பதற்கும் அதுவே வேர். முறைப்படி, சரியாக, அணுவளவும் பிசகாமல் என்றெல்லாம் பொருள் விரிந்து, ‘சரியாக இந்நேரத்துக்குச் சற்று முன்’ என்னும் பொருளையும் அது ஏற்றது. தமிழில் ‘இப்போதுதான்’ என்று நாம் கூறுவதே அது.

‘இப்போதுதான்’ என்னும் சொல்லில் பணி முழுவதையும் செய்வது ‘தான்’ என்னும் இடைச்சொல். தொல்காப்பியர் ஏகாரத்துக்கு உரைத்த ஐந்து பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் உண்டு. இற்றைத் தமிழில் அவ்விரு பணிகளையும் பெரும்பாலும் ‘தான்’ ஏற்றிருக்கிறது. பிற நேரங்களிலிருந்து இந்நேரத்தைப் பிரித்து நிறுத்தி, அதனால் அண்மையைத் தோற்றுவிக்கிறது. இப்பிரிநிலையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது பிறப்பதே, ‘நவ் ஒன்லி ஐ கேம்’ என்னும் புகழ்பெற்ற பிழைத்தொடர். ‘நேற்றுத்தான் வந்தேன்’ என்பது ‘எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’ என்றாவதும் இவ்வாறே. ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பிரிநிலையை மட்டும் தரும். அண்மையைத் தர ‘ஜஸ்ட்’ வேண்டும். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’ என்று எழுதுக. ‘ஜஸ்ட்’ துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே நிற்பதைக் கவனிக்க. இங்கிலாந்து வழக்கில் இவ்விடத்தில் நிகழ்கால நிறைவையே விரும்புவர்; அமெரிக்க வழக்கில் எளிய இறந்தகாலமும் இயல்பாக வரும். நம் பாடநூல்கள் பெரும்பாலும் முன்னதைப் பின்பற்றுவன.

‘ஜஸ்ட் நவ்’ என்னும் இணைச்சொல் சற்று வேறானது. நடந்து முடிந்ததைக் கூறும்போது இதனோடு எளிய இறந்தகாலமே இங்கிலாந்து வழக்கில் சிறந்தது. ‘ஹி கேம் ஜஸ்ட் நவ்’ என்பர். தமிழின் ‘இப்போது’ முன்னும் பின்னும் பார்க்கும் சொல். ‘இப்போது வந்தார்’ என்றும் ‘இப்போது வந்துவிடுவார்’ என்றும் கூறுகிறோம். அதனால் நம்மவர் ‘ஹி வில் கம் ஜஸ்ட் நவ்’ என்று எழுதிவிடுகின்றனர். அங்கே ‘சூன்’ என்பதே தகும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலோ ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘சற்று நேரம் கழித்து’ என்றே பொருள். நம் வீடுகளில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வருவோரை அது நினைவூட்டுகிறது!

மயங்கத்தக்க வேறு சில சொற்கள்

தமிழில் ‘ஆக’ சேர்ந்தால் வினையடை. ஆங்கிலத்தில் ‘லி’ சேர்ந்தால் வினையடை என்று மாணவர் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். அக்கணக்கு பிழைக்கும் இடம் ‘லேட்’. மெதுவான, தாமதமான என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த இது, மாற்றமின்றியே வினையடையாகவும் வரும். ‘தாமதமாக வந்தான்’ என்பதற்கு ‘ஹி கேம் லேட்’ என்பதே சரி. ‘ஹி கேம் லேட்லி’ என்று எழுதினால் தாமதம் என்னும் பொருளே மறைந்துவிடும்.

மறைந்தோரைச் சுட்ட ‘தி லேட்’ என்பதும் இச்சொல்லே. நம் நினைவுக்கு எட்டிய காலத்தில் வாழ்ந்து மறைந்தவர்க்கே அதை வழங்குவர். தமிழிலும் ‘மறைந்த தலைவர்’ என்கிறோமேயன்றி, ‘மறைந்த கம்பர்’ என்று எவரும் எழுதார். அதுபோலவே, வாழும் எழுத்தாளர் ஒருவர் இறுதியாக வெளியிட்ட நூலை ‘லேட்டஸ்ட் புக்’ எனல் வேண்டும். ‘லாஸ்ட் புக்’ என்றால் இனி அவர் எழுதப் போவதில்லை என்று வாழ்வோரை வழியனுப்பியதாகக் கருத இடமுண்டு.

‘அனியூ’, ‘அஃப்ரெஷ்’ என்னும் இரண்டும் புதுமையைச் சுட்டினும் அண்மையைச் சுட்டா. மீண்டும் முதலிலிருந்து தொடங்குதலே அவற்றின் பொருள். ‘இக்கட்டுரையைப் புதிதாக எழுதி வா’ என்று ஆசிரியர் கூறும்போது ‘புதிதாக’ என்பதற்கு இப்பொருளே. அங்கே ‘நியூலி’ எழுதினால் கருத்து மாறிவிடும்.

அண்மை என்பது எவ்வளவு அண்மை?

இச்சொற்கள் அனைத்தும் பேசுவோர் நிற்கும் இடத்திலிருந்து அளக்கப்படுபவை. செய்தியாளருக்கு அண்மை என்பது நேற்று. வரலாற்று ஆசிரியருக்கு ஐம்பது ஆண்டு. புவியியலாரோ ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ‘ஹோலோசீன்’ காலத்தை ‘ரீசென்ட்’ என்னும் பெயராலேயே முன்பு வழங்கினர். ஒரே சொல் ஒரு நாளையும் பதினோராயிரம் ஆண்டையும் தன்னுள் அடக்குமாயின், அச்சொல்லை அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பது தெளிவு.

பெயரடையாகிய ‘புதிய’ காலப்போக்கில் பெயராகவே உறைந்துவிடுவதும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ‘நியூ காலேஜ்’ 1379இல் நிறுவப்பெற்றது. இன்றும் அதற்கு அதுவே பெயர். பாரிசு நகரில் செய்ன் ஆற்றின்மேல் இன்று நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது 1607இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் பெயரின் பொருளோ ‘புதுப்பாலம்’. நம் சென்னையில் 1951இல் தொடங்கப்பெற்ற புதுக்கல்லூரியும், புதுச்சேரி, புதுக்கோட்டை என்னும் ஊர்களும் அவ்வாறே புதுமையைப் பெயரில் தாங்கி நிற்கின்றன. இவற்றால் எவரும் ஏமாறுவதில்லை. ஆனால் வினையடை அவ்வாறு உறைவதில்லை. எழுதிய நாளில் மெய்யாக இருந்த ‘அண்மையில்’, சில ஆண்டுகள் கழித்துப் படிப்பவரைத் திகைக்க வைக்கிறது.

கல்லூரி மலர்களைத் தொகுத்து வைத்திருக்கும் முதியோர் இதனை நன்கறிவர். பழைய மலர் ஒன்றைப் புரட்டினால், ‘அண்மையில் கட்டப்பெற்ற விடுதி’ என்றும், ‘புதிதாகத் தொடங்கப்பெற்ற முதுகலை வகுப்பு’ என்றும் காண்கிறோம். அட்டையும் முதற்பக்கமும் கிழிந்துபோயிருந்தால் அவ்விடுதி எவ்வாண்டு எழுந்தது என்பதை அறிய வழியில்லை. எழுதியவர் அறியாதவரல்லர். தமக்கும் தம் காலத்தார்க்கும் தெரிந்த ஒன்றை ஆண்டிட்டு எழுதுவானேன் என்று எண்ணியிருப்பார். அவர்க்குப் பின் வருவோர்க்கு அச்சொல் வெற்றுச் சொல்லாயிற்று. கொடையளித்தோர், உழைத்தோர், முதன்முதலில் அவ்வகுப்பில் அமர்ந்து கற்றோர் ஆகியோரின் வரலாறும் அதனோடு மங்கிவிடுகிறது. ஆகவே தமிழாயினும் ஆங்கிலமாயினும், ஏட்டில் நிலைக்க வேண்டிய செய்திக்கு ஆண்டையே எழுதுதல் வேண்டும். பேச்சுக்கும் மடலுக்கும் ‘அண்மையில்’ போதும்.

நினைவில் கொள்ளத்தக்க ஐந்து தொடர்கள்

மாணவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன், தாம் கூற விரும்புவதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தல் நலம். அதற்கு உதவியாகப் பின்வரும் ஐந்து தொடர்களைத் தருகிறோம்.

1. ‘அண்மையில் அவர் ஓய்வு பெற்றார்.’ நடந்து முடிந்த நிகழ்ச்சி, ‘ரீசென்ட்லி’ எழுதுக.

2. ‘கொஞ்ச நாளாக அவர் கடிதம் எழுதவில்லை.’ இன்றுவரை நீளும் நிலை. ‘லேட்லி’ எழுதி, வினையில் ‘ஹேஸ்’ சேர்க்க.

3. ‘புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர் பேசினார்.’ எச்சத்தைத் தழுவிய புதுநிலை; ‘நியூலி’ எழுதுக.

4. ‘அன்று சுட்ட ரொட்டி மேசைமேல் இருந்தது.’ இன்னும் மாறாத தன்மை, ‘ஃப்ரெஷ்லி’ எழுதுக.

5. ‘இப்போதுதான் வண்டி புறப்பட்டது.’ சற்றுமுன் நிகழ்ந்தது, ‘ஜஸ்ட்’ எழுதுக, ‘நவ் ஒன்லி’ என்று எழுதற்க.

முடிவுரை

புதுமையை உணர்த்துவதற்கு ஆங்கிலம் தனித்தனி வினையடைகளைப் படைத்துக்கொண்டது. தமிழ் அப்பணியை ‘அண்மையில்’ என்னும் சொல்லுக்கும், ‘ஆக’ என்னும் உருபுக்கும், பெயரெச்சத்துக்கும், ‘தான்’ என்னும் இடைச்சொல்லுக்கும் பகிர்ந்தளித்தது. வழிகள் வேறாயினும் இரு மொழிகளும் காக்கும் வேறுபாடுகள் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கிலம் வாராது என்று அஞ்சி நிற்கும் மாணவருக்கு நாம் கூற விரும்புவது இதுதான்: நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை. நுண்ணிய பொருள் வேறுபாடுகளை உணரும் திறனைத் தாயின் மொழி முன்னரே உங்களுக்குத் தந்திருக்கிறது. அகராதி காட்டும் ஒரு சொல்லுக்கு முன்னால் அத்திறனைக் கைவிடாதிருந்தால் போதும்.

அந்த விண்ணப்பத்தில் ‘நியூலி’ என்பதை அடித்துவிட்டு ‘ரீசென்ட்லி’ என்று முதலில் எழுதினோம். மீண்டும் படித்துப் பார்த்தபோது அதுவும் போதவில்லை என்று தோன்றியது. விண்ணப்பத்தைப் பார்ப்பவர்க்கு வேண்டுவது அண்மை என்னும் உணர்ச்சியன்று, நாள். ‘அத்தா காலமான தேதியை எழுதுங்கள்’ என்றோம். அதை அவர் நாள்காட்டியைப் பாராமலே எழுதினார். வினையடை இல்லாமலே தொடர் நிறைவு பெற்றது.